யாருக்காகத் திறந்தது இந்தப் போர்ட்?

டிவிஆருக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று, அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு ஒன்று… சிறு நிறுவனங்களின் ரவுட்டர்களில் கேட்பாரற்றுச் சேரும் உள்வரும் விதிகள்

2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். பெயர் ஸீமேப். ஒரு சாதாரண கம்ப்யூட்டர், ஒரு கிகாபிட் இணைப்பு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு, உலகில் புழங்கும் ஐபிவி4 முகவரிகள் அத்தனையிடமும் ‘உன்னிடம் இந்த போர்ட் திறந்திருக்கிறதா?’ என்று 45 நிமிடத்துக்குள் அது கேட்டு முடித்தது. (போர்ட் என்பது ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்.) அந்த முகவரி எண்களின் மொத்தக் கணக்கு ஏறக்குறைய 429 கோடி. அதற்கும் முன்பே, 2009-ல், ஜான் மேதர்லி ஷோடான் என்ற தேடுபொறியைத் தொடங்கியிருந்தார். கூகுள் இணையப் பக்கங்களைத் தேடுகிறது. ஷோடான் இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடுகிறது. கேமரா, பிரிண்டர், ரவுட்டர், ஆலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி என எதுவும் அதில் வரும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் ஃபயர்வால் பற்றிப் பேச்செடுத்தால், “நம்மளையெல்லாம் யாருங்க தேடி வரப்போறாங்க?” என்பார். யாரும் தேடி வர வேண்டியதில்லை. 429 கோடி எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகும் நிரலுக்கு, அந்த எண் திருப்பூர் அவினாசி ரோட்டில் இருக்கிறதா, டோக்கியோவில் இருக்கிறதா என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பதில் வந்தால் குறித்துக்கொள்ளும், வராவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். இன்று பொது ஐபி முகவரி உள்ள எந்த ரவுட்டரிலும் ஃபயர்வால் பதிவைத் திறந்து பாருங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நாட்டு முகவரிகளிலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்பது வரிவரியாக இருக்கும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். சிறு நிறுவனத்தின் ரவுட்டரில் உள்வரும் விதி என்று ஒன்று இருந்தால், அது யாருக்காக, எதற்காக, எதுவரை என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த நிறுவனத்துக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத விதியை இன்றே முடக்கிவிடலாம்.

ஒவ்வொன்றாகச் சேர்ந்த கதை

ஓர் உதாரண யூனிட்டை மனதில் வைத்துக்கொள்வோம். ஐம்பது அறுபது தையல் மெஷின், கட்டிங், செக்கிங், அயர்னிங், ஆபீஸ் அறையில் ஆறேழு சிஸ்டம். ஒன்றில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது. மெர்ச்சண்டைசர் மேசையில் பையர் அனுப்பும் மெயில்கள். சுவரோரம் சிசிடிவி டிவிஆர். வாசலில் விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின். இவையெல்லாம் ஒரே சுவிட்ச்சில் இணைந்து, ஒரே ஃபைபர் ரவுட்டர் வழியாக வெளியே போகின்றன.

முதலில் வந்தது கேமரா.

“தம்பி, நைட் ஷிப்ட் ஓடுதான்னு ஊட்ல இருந்து போன்ல பாக்கோணும்.”

“ஆகட்டுங்கண்ணா. ரவுட்டர் பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க.”

கேமரா மாட்ட வந்தவர் ரவுட்டருக்குள் போய் போர்ட் ஃபார்வர்டிங் போட்டார். வெளியிலிருந்து வரும் கேள்வியை நேராக டிவிஆரிடம் கொண்டுபோய் விடும் விதி அது. சில பிராண்டுகளுக்கு 8000, சிலவற்றுக்கு 37777, கூடவே 80, 554. படம் போனில் தெரிந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி. அவசரத்தில் சரியான எண் எதுவென்று பிடிபடாவிட்டால் சிலர் டிவிஆரின் முகவரியை ‘டிஎம்ஸெட்’ என்ற கட்டத்தில் எழுதிவிட்டுப் போவதும் உண்டு. அப்படிச் செய்தால் வேறெங்கும் போக வழியில்லாமல் வந்து நிற்கும் எல்லாக் கேள்வியும், 65,535 போர்ட்டிலும், அந்த ஒரு கருவியிடமே போய்ச் சேரும்.

அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரம். ஆடிட்டர் ஆபீஸ் ஈரோட்டில். அங்கிருந்தபடியே டேலியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கி 3389-ஐத் திறந்து கொடுத்தார் இன்னொரு தம்பி. பிறகு அட்டெண்டன்ஸ் மெஷின்; கணக்கைப் பக்கத்து ஊர் கிளையிலிருந்து எடுக்க 4370. பழைய ஆர்டர் டிசைன்களைச் சேமிக்க வாங்கிய நாஸ் பெட்டி யாரையும் கேட்கவில்லை. யுபிஎன்பி என்ற வசதி ரவுட்டரில் இயங்கிக்கொண்டிருந்ததால், தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே ரவுட்டரிடம் சொல்லித் திறந்துகொண்டது.

இந்த யூனிட்டில் யாரும் தவறான எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஒவ்வொரு திறப்புக்கும் அன்று ஒரு நியாயமான தேவை இருந்தது. ஆனால் திறந்தவர்கள் மூன்று பேர், மூவரும் வெவ்வேறு கடைக்காரர்களின் ஆட்கள், வேலை முடிந்ததும் போய்விட்டவர்கள். ஆடிட்டர் மாறி இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். 3389 அப்படியே இருக்கும். தேவை முடிந்தால் விதியும் முடிய வேண்டும் என்று யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பெரிய கம்பெனியில் இதற்கென்று ஒரு துறை உண்டு. சிறு நிறுவனத்தில் ரவுட்டர் யாருடைய மேசையிலும் சேராத பொருள்.

ஃபயர்வால் எப்படி முடிவெடுக்கிறது

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க டிசி போதும். துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது டெலிவரி சலான் போட்டு அனுப்புகிறோம். அந்தத் துணி சாயம் ஏறித் திரும்பி வரும்போது கேட்டில் வாட்ச்மேன் அந்த டிசி எண்ணைப் பார்த்து, ‘இது நம்மிடமிருந்து போனது’ என்று உள்ளே விடுகிறார். யாரும் கேட்காமல் ஒரு லாரி லோடு கொண்டுவந்து நின்றால் விட மாட்டார். இன்றைய ஃபயர்வால் செய்வது இதேதான். உள்ளேயிருந்து ஒரு கம்ப்யூட்டர் வங்கியின் சர்வரோடு பேசத் தொடங்கினால், எந்த முகவரி, எந்த போர்ட் என்று குறித்துக்கொள்ளும். பதில் வரும்போது குறிப்பைப் பார்த்து விடும். குறிப்பில் இல்லாமல் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புதான் ‘உள்வரும்’ இணைப்பு. அதற்கு மட்டும்தான் விதி தேவை.

இந்த நினைவாற்றல் ஃபயர்வாலுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. 1980-களின் இறுதியில் வந்த முதல் வகைகள் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகப் பார்த்தன. எது பதில், எது புதிய கேள்வி என்று அவற்றுக்குத் தெரியாது. 1994-ல் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்ட ஃபயர்வால்-1 தான் இணைப்பின் நிலையை நினைவில் வைத்திருக்கும் முறையைச் சந்தையில் பரவலாக்கியது. இன்று இரண்டாயிரம் ரூபாய் ரவுட்டரிலும் அது இருக்கிறது.

இதிலிருந்து வரும் முடிவைப் பல முதலாளிகள் நம்ப மறுக்கிறார்கள். உங்கள் ஆபீஸில் நடக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். ஜிஎஸ்டி தளம், இ-வே பில், நெட் பேங்கிங், மெயில், வாட்ஸ்அப், பையரோடு வீடியோ பேச்சு, டேலியின் அப்டேட். அத்தனையும் உள்ளேயிருந்து தொடங்கும் இணைப்புகள். ஒன்றுக்குக்கூட உள்வரும் விதி வேண்டாம். உள்வரும் விதிகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருந்தாலும் அந்த ஆபீஸ் முழு வேகத்தில் ஓடும். ‘இணையம் வேலை செய்ய வேண்டுமானால் போர்ட் திறக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால், எந்தச் சேவைக்கு என்று பெயர் சொல்லக் கேளுங்கள்.

ஒரு விதிக்குள் என்ன இருக்கிறது

எந்தக் கம்பெனி ஃபயர்வாலாக இருந்தாலும் ஒரு விதி கேட்பது இவைதாம்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த போர்ட், டிசிபியா யுடிபியா, விடுவதா தடுப்பதா. இதில் எல்லாரும் கவனமாக நிரப்புவது போர்ட் எண்ணை. யாரும் நிரப்பாமல் விடுவது முதல் கட்டத்தை. ‘எங்கிருந்து’ என்ற இடத்தில் ‘எனி’ என்று இருந்தால், ஈரோட்டு ஆடிட்டருக்காகத் திறந்தது உலகம் முழுவதற்கும் திறந்ததாகிவிடுகிறது. ஆடிட்டர் ஆபீஸுக்கு நிலையான ஐபி முகவரி இருந்தால் அந்த ஒரு முகவரியை அங்கே எழுதுங்கள். அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதால் கிடைக்கும் பாதுகாப்பு, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

போர்ட் எண்ணை மாற்றி வைப்பது பாதுகாப்பு அல்ல. 3389-ஐ 33890 ஆக்கினால் கேள்வியின் எண்ணிக்கை சற்றுக் குறையும், அவ்வளவுதான். எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. பதில் வந்த விதத்தை வைத்தே உள்ளே இருப்பது ரிமோட் டெஸ்க்டாப் என்று அவை கண்டுகொள்ளும்.

அடுத்தது வரிசை. மைக்ரோடிக், பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால்களில் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே முடிவு. மேலே ‘எல்லாவற்றையும் விடு’ என்று ஒரு வரி இருந்தால், கீழே எத்தனை தடை எழுதினாலும் அவை படிக்கப்படவே மாட்டா. அதனால் தேவையான அனுமதிகளை மேலே எழுதி, கடைசி வரியாக ‘மற்றவை அனைத்தையும் தடு’ என்று வைப்பார்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் கதை வேறு. அங்கே வரிசை கிடையாது. ஒரே இணைப்புக்கு ஒரு அனுமதியும் ஒரு தடையும் இருந்தால் தடையே வெல்லும்.

இந்த வேறுபாடு தெரியாததால் நடக்கும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிய மென்பொருள் ஒன்று முதல்முறை வெளி இணைப்புக்குக் காத்திருக்கும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கிறது. பில்லிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண், தனக்குப் புரியாத பெட்டி என்று கேன்சல் அழுத்துகிறார். அவர் செய்தது சரியான செயல். ஆனால் அப்போது அந்த மென்பொருளின் பெயரில் தடை விதி எழுதப்படுகிறது. ஒரு வாரம் கழித்து வரும் டெக்னீஷியன் போர்ட்டுக்கு அனுமதி விதி எழுதுகிறார், வேலை செய்யவில்லை. மறுபடி எழுதுகிறார், வேலை செய்யவில்லை. பொறுமை போய் ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிட்டுப் போகிறார். பட்டியலில் அந்த மென்பொருளின் பெயரைத் தேடிப் பழைய தடையை நீக்கியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அணைத்த ஃபயர்வால் அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும்.

விண்டோஸில் ஃபயர்வால் தானாக இயங்கத் தொடங்கியதே 2004 ஆகஸ்டில், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, 135-ம் போர்ட் வழியாக உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களை நிமிடத்துக்கு நிமிடம் அணைந்து எரிய வைத்தது. அந்த அடியில் வந்த பாதுகாப்பை ஒரு கிளிக்கில் அணைத்துவிடுகிறோம்.

மைக்ரோடிக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரவுட்டரைத் தாண்டி உள்ளே போகும் இணைப்பு வேறு, ரவுட்டருக்கே வரும் இணைப்பு வேறு. இரண்டுக்கும் தனித்தனி விதிப் பட்டியல். முதலாவதை ஒழுங்காகப் பூட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள். 2018-ல் நடந்தது அதுதான். ரவுட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் சேவையின் 8291 போர்ட்டில் இருந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டு இல்லாமலே பயனர் கோப்பை எடுக்க முடிந்தது. ஏப்ரலிலேயே நிறுவனம் திருத்தம் வெளியிட்டுவிட்டது. ஆகஸ்டில் பிரேசிலில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட ரவுட்டர்கள், வழியே போகும் இணையப் பக்கங்களில் கிரிப்டோ நாணயம் அகழ்ந்தெடுக்கும் நிரலைச் செருகிக்கொண்டிருந்தன. 8291 வெளியுலகுக்குத் திறக்காமல் இருந்த ரவுட்டர்களை இணையத்திலிருந்து யாராலும் அப்படித் தொட முடியவில்லை.

கேமரா பெட்டியிலிருந்து கிளம்பிய படை

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எதுவும் மணிக்கணக்கில் சரியாகத் திறக்கவில்லை. அத்தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் தாக்குதல் நடந்திருந்தது. தாக்கியவை கேமராக்கள், டிவிஆர்கள், வீட்டு ரவுட்டர்கள்.

அவற்றைக் கைப்பற்றி ஏவிய மிராய் என்ற நிரல் செய்தது மிக எளிமையான வேலை. 23, 2323 ஆகிய டெல்நெட் போர்ட்களைத் தட்டும். பதில் வந்தால், தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை முயற்சி செய்யும். ஒன்று பொருந்தினால் அந்தக் கருவி அதன் வசம். பிறகு அந்தக் கருவியும் மற்றவற்றைத் தட்டத் தொடங்கும். முதல் 20 மணி நேரத்தில் ஏறக்குறைய 65,000 கருவிகள் சிக்கின. உச்சத்தில் 6 லட்சம். இதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களின் தொழில் போட்டியில் தொடங்கியது அவர்களின் வேலை. 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நிரலின் மூலக் குறியீடு 2016 செப்டம்பர் இறுதியிலேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. அதன் வாரிசுகள் இன்றும் போர்ட் போர்ட்டாகத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

‘பாஸ்வேர்டை மாற்றிவிட்டோமே, போதாதா?’ என்று கேட்பவர்களுக்கு 2021 செப்டம்பர் பதில் சொல்லும். ஹிக்விஷன் கேமராக்களின் இணையச் சேவையில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அந்தக் கேமராவின் இணையப் பக்க போர்ட்டை எட்ட முடிந்தால் போதும், கருவி முழுவதும் கைக்கு வந்துவிடும். நிறுவனம் திருத்தம் கொடுத்தது. திருப்பூரிலும் கோவையிலும் சுவரில் மாட்டிய நாள் முதல் ஃபெர்ம்வேர் மாற்றாத டிவிஆர்கள் எத்தனை என்று அவற்றை மாட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு 2022 ஜனவரி. டெட்போல்ட் என்ற நிரல், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த கியூநேப் பெட்டிகளில் கோப்புகளைப் பூட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் 0.03 பிட்காயின் கேட்டது. கியூநேப் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும் பெட்டியில் யுபிஎன்பியையும் அணையுங்கள் என்பது. பேக்கப் எடுக்கவென்றே வாங்கிய பெட்டியில், பேக்கப்பே பூட்டப்பட்டுப் போனவர்கள் அதில் பலர்.

2017 மே 12-ல் வந்த வானாக்ரை எல்லாருக்கும் நினைவிருக்கும். 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள், கோப்புப் பகிர்வுக்கான 445-ம் போர்ட். மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அமைப்பில் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அந்நாட்டின் தேசிய தணிக்கை அலுவலகம் அக்டோபரில் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி சிறு நிறுவனங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: திருத்தம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இணையத்தைப் பார்த்திருக்கும் ஃபயர்வாலை ஒழுங்காக நிர்வகித்திருந்தாலே அந்த அமைப்புகள் தப்பியிருக்கும் என்கிறது அது. புதிய கருவி வாங்கச் சொல்லவில்லை. இருந்ததைச் சரியாக வைத்திருக்கச் சொன்னது.

ரிமோட் டெஸ்க்டாப் பற்றித் தனியாக அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 மே மாதம் புளூகீப் ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவை நிறுத்தி ஐந்தாண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. எவ்வளவு பயந்திருந்தால் அப்படிச் செய்வார்கள்! 3389-ஐ உலகத்துக்குத் திறந்து வைக்க எந்தச் சிறு நிறுவனத்துக்கும் காரணம் கிடையாது.

அப்படியானால் ஆடிட்டர் எப்படிப் பார்ப்பார்?

விபிஎன், அதாவது சாவி உள்ளவர் மட்டும் வெளியிலிருந்து உள்ளே வரும் தனிப் பாதை. இதைச் சொன்னதும் பெரிய செலவு என்று நினைக்கிறார்கள். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-ல் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இலவசம்; மைக்ரோடிக்கின் ஏழாம் பதிப்பிலும் பிஎஃப்சென்ஸிலும் கிடைக்கிறது. டிவிஆர், டேலி, அட்டெண்டன்ஸ், நாஸ் என்று நாலைந்து திறப்புகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு யுடிபி போர்ட் மட்டும் திறந்திருக்கும், வழக்கமாக 51820. அதன் சிறப்பு, சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்குப் பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் தெரியும். முதலாளி போனில் ஒரு சாவி, ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சாவி. ஆடிட்டர் மாறினால் அந்த ஒரு சாவியை அழித்தால் முடிந்தது. ஆடிட்டரின் சாவிக்கு டேலி கம்ப்யூட்டர் மட்டும் தெரியட்டும், கேமரா எதற்கு?

விபிஎன் என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஃபோர்டிகேட் ஃபயர்வால் கருவிகளின் எஸ்எஸ்எல் விபிஎன்னில் இருந்த ஓட்டைக்கு 2019 மே மாதம் திருத்தம் வந்தது. போடாதவர்களின் நுழைவு விவரங்கள், ஏறக்குறைய 87,000 கருவிகளுடையவை, 2021 செப்டம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. திறந்திருக்கும் அந்த ஒரு போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து மென்பொருளைக் கவனிப்பதைவிட ஒன்றைக் கவனிப்பது எளிது, அதனால்தான் சொல்கிறேன்.

கேமராவுக்கு இன்னொரு வழி, தயாரிப்பாளரின் க்ளவுட் செயலி. அங்கே டிவிஆர் தானே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. உள்வரும் விதி தேவையில்லை. படம் அவர்களுடைய சர்வர் வழியாகப் போகக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டிங் டேபிளைப் பார்க்கும் கேமராவுக்கு இது போதும். பணம் எண்ணும் அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு நிலவரமும் உண்டு. பல ஃபைபர் திட்டங்களில் இன்று பொது ஐபிவி4 முகவரியே தருவதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் வெளியிலிருந்து வராது. ‘நமக்குத்தான் பொது ஐபி இல்லையே’ என்று இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அதே இணைப்பில் ஐபிவி6 இருக்கிறது.

ஐபிவி6-ல் அந்தத் திரை இல்லை

192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளை இணையத்தில் யாரும் நேராக எட்ட முடியாது. ரவுட்டர் மொழிபெயர்த்து அனுப்பும் இந்த ஏற்பாடு முகவரிப் பஞ்சத்துக்காக வந்தது, பாதுகாப்புத் திரையாகவும் அமைந்துவிட்டது. ஐபிவி6-ல் பஞ்சம் இல்லை. உங்கள் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் டிவிஆருக்கும் ஆளுக்கொரு பொது முகவரி கிடைக்கும். மொழிபெயர்ப்பு கிடையாது. இடையில் நிற்பது ஃபயர்வால் விதி மட்டுமே. இந்தியா உலகிலேயே ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளில் ஒன்று. ஆனால் ரவுட்டரில் ஐபிவி4 விதிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள்கூட, பக்கத்திலேயே இருக்கும் ஐபிவி6 பட்டியலைத் திறப்பதே இல்லை. இரண்டும் தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் வராது.

அதைத் திறந்து, ‘ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பதில்களை விடு, வெளியிலிருந்து வரும் மற்றவற்றைத் தடு’ என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். பல ரவுட்டர்களில் தயாரிப்பாளரே வைத்திருப்பார்; சிலவற்றில் ஒரு தேர்வுக் கட்டத்தை அழுத்த வேண்டும். தடுக்கும் ஆர்வத்தில் ஐசிஎம்பிவி6 முழுவதையும் தடுத்துவிடாதீர்கள். பாக்கெட் பெரிதாகிவிட்டது என்று சொல்லும் செய்தி அதில்தான் வருகிறது. அதை அடைத்தால் சில தளங்கள் பாதியில் தொங்கும், காரணம் பிடிபடாமல் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சனிக்கிழமை வேண்டாம்

இந்த விதிகளைச் சுத்தம் செய்ய உட்காரும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று அட்டெண்டன்ஸ் கணக்கு வராவிட்டால் மாலையில் கேட் முன்னால் கூட்டம் நிற்கும். சம்பளம் கொடுத்து முடித்த பிறகு, ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இப்போதைய அமைப்பின் நகலை எடுத்து வைக்க வேண்டும். பிறகு போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல், டிஎம்ஸெட், யுபிஎன்பி, ரவுட்டரின் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, ஐபிவி6 பட்டியல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்காக என்று கேட்க வேண்டும். பெயர் சொல்ல முடியாதவற்றை அழிக்காமல் முதலில் முடக்கி வைப்பது நல்லது. நிஜமாகவே யாருக்காவது அது தேவையென்றால் திங்கட்கிழமை பத்து மணிக்குள் போன் வந்துவிடும். ஒரு மாதம் யாரும் கேட்கவில்லையென்றால் அழித்துவிடலாம். இருக்கப்போகும் விதிகளுக்கு ரவுட்டரிலேயே குறிப்பு எழுதும் இடம் உண்டு. யார் கேட்டார், யார் திறந்தார், எந்தத் தேதி, எப்போது மறுபடி பார்ப்பது என்று அங்கேயே எழுதலாம்.

சோதனையை ஆபீஸ் வைஃபையிலிருந்து செய்தால் விடை தவறாக வரும். போனில் மொபைல் டேட்டாவுக்கு மாறி, வெளியாளாக நின்று உங்கள் முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். போர்ட்களைத் தட்டிப் பார்க்கும் என்மேப் மென்பொருள் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் இருந்தால் அரை மணி நேர வேலை. உங்கள் சொந்த முகவரியை மட்டும் தட்டச் சொல்லுங்கள்.

டிவிஆரையும் அட்டெண்டன்ஸ் மெஷினையும் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர்களிலிருந்து தனி வலையாகப் பிரிப்பதும், வந்துபோகும் பையர்களுக்குத் தனி வைஃபை கொடுப்பதும் அதே நாளில் செய்யக்கூடியவை. உள்ளே ஒன்று விழுந்தாலும் டேலி வரை போகாது.

கேமரா விற்பவர்களிடமும் நெட்வொர்க் போடும் தம்பிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வேலை முடித்து பில் கொடுக்கும்போது, ரவுட்டரில் என்னென்ன மாற்றினோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். முதலாளிகள் அதைக் கேட்டு வாங்குங்கள். பில்லோடு அந்தத் தாள் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவுகள் விஷயத்தில் சட்டமே பேசுகிறது. இந்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கருவிகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்கள் சரியான நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் நீட்டித்தார்கள். அதுவும் முடிந்து வருடங்கள் ஆகின்றன. சைபர் மோசடியில் பணம் போய்விட்டால் 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். சாதாரண ரவுட்டரில் பதிவு அதன் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடும். பதிவை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிஸ்லாக் என்ற வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சிஸ்டம் அதற்குப் போதும். ஞாயிறன்று வரும் தம்பியிடம் அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லிவிடுங்கள்.